கழுத்துக் கட்டியுடன் சங்கரன்கோவிலில் எட்டு நாள்

சித்திரை வெயிலில் கழுத்தைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொண்டு சங்கரன்கோவில் ரயில் நிலையத்தில் இறங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆட்டோக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணாச்சிக்குக் குளிர்க் காய்ச்சலா?" ஆமாம் என்றேன். அதன்பிறகு வீடு வரும்வரை அவர் முகத்தை வெளிப்பக்கமாகவே வைத்துக்கொண்டு ஓட்டினார். எதிரே வந்த மாடுகள் இரண்டும் தாமாகவே ஒதுங்கிக்கொண்டன.

மஃப்ளருக்குள் இருந்தது ஒரு கட்டி. இடது காதுக்குக் கீழே, கொட்டைப்பாக்கு அளவு. இங்கிலாந்தில் ஒரு காலையில் சவரம் செய்யும்போது கண்டுபிடித்தேன். அங்கே மருத்துவர் பத்து நிமிடம் அன்பாகத் தடவிப் பார்த்தார். "பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. பதினோரு வாரத்தில் ஸ்கேனுக்குக் கடிதம் வரும்" என்றார்.

அந்தப் 'பெரும்பாலும்' எனக்குப் பழக்கமான வார்த்தை. நான்கு வருடத்துக்கு முன்னால் என் மனைவி வசந்தாவுக்கு அதே கட்டடத்தில் வேறொரு மருத்துவர் சொன்னது. அதன்பிறகு நடந்த எல்லாம் இலவசம். அறுவை இலவசம், மருந்து இலவசம், கடைசி மாதம் வீட்டுக்கு வந்து போன நர்சுகள் இலவசம். ஒரு குறையும் சொல்ல முடியாது. எங்களிடம் அவர்கள் காசு வாங்கியது ஆஸ்பத்திரி வாசலில் கார் நிறுத்தியதற்கு மட்டும்தான். கடைசியில் அங்கேயே வசந்தா இறந்த அன்றைக்கும் அந்தச் சீட்டை எடுத்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினேன்.

ஆகவே அந்த வார்த்தையைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு பதினோரு வாரம் என்னால் தூங்க முடியாது. எல்லாருக்கும் இலவச மருத்துவம் என்பதன் பெருமையைப் பத்திரிகைகளில் இருபது வருடமாக எழுதி வந்தவன், தன் கழுத்துக்கு ஒன்று என்றதும் காசு கொடுத்துப் பார்க்கப் பிறந்த ஊருக்கு ஓடி வந்தேன். இந்தக் கட்டுரையில் கொள்கை உறுதியைத் தேடுகிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

வீட்டில் அக்காவும் அத்தானும் மட்டும்தான். அக்கா மஃப்ளரை அவிழ்த்துப் பார்த்தாள். விரலால் தொட்டாள். "நெறி கட்டியிருக்கு. அவ்வளவுதான்" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனவள் ரொம்ப நேரம் திரும்பி வரவில்லை. தோசை கருகும் வாசனை மட்டும் வந்தது.

மறுநாள் காலை கோயில். சந்நிதிக்குப் போகும் வழியில் உரு விற்கிற கடைகள். கண் வலித்தால் கண், கால் வலித்தால் கால், பூச்சி பொட்டுக்குப் பயந்தால் பாம்பும் தேளும். மெல்லிய தகட்டில் அடித்தது, வாங்கி உண்டியலில் போட வேண்டும். அக்கா கழுத்து கேட்டாள். கடைக்காரர் தட்டைக் கிளறினார்.

"கழுத்து தனியா வராது, அக்கா. தலை இருக்கு, நெஞ்சு இருக்கு. நடுவுல அடிக்க மாட்டாங்க."

"அப்போ என்ன செய்ய?"

"முழு ஆளா வாங்கிக்கிடுங்க. அதுல கழுத்தும் சேந்துதானே வருது."

முழு ஆளாக வாங்கினோம். தகட்டு மனிதன் என்னைவிட நல்ல உடல்நிலையில் இருந்தான். திரும்பும்போது அக்கா கோயில் புற்று மண் ஒரு பொட்டலம் வாங்கி, வீட்டில் தண்ணீர் விட்டுக் குழைத்து என் கட்டிமேல் பூசினாள். மேலே மஃப்ளர். உள்ளே மண் காய்ந்து இழுக்க, வெளியே வேர்த்து ஊற்ற, தலைக்கு மேலே மின்விசிறி. மூன்று பருவமும் என் கழுத்தில் ஒரே நேரத்தில் நடந்தன.

மதியம் அத்தான் பிரியாணி வாங்கி வந்தார். இந்த ஊர் ஆட்டுக்கறி பிரியாணிக்கு ஒரு குணம் உண்டு. சாப்பிடும்போது வேறு நினைப்பு வராது. இருபது வருடமாக நான் லண்டனில் இதைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு ஒவ்வொரு கவளம் விழுங்கும்போதும் கட்டி நகர்கிறதா, தடுக்கிறதா, வலிக்கிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தேன். பாதி இலையோடு எழுந்தேன். அக்கா இலையைப் பார்த்தாள். பிறகு அத்தானைப் பார்த்தாள்.

அத்தானுக்கு ஊருக்கு வெளியே ஒரு தறிக் கொட்டகை. பன்னிரண்டு விசைத்தறி. சேலையும் துண்டும் ஓடுகின்றன. ஒரு காலத்தில் பதினெட்டு ஓடியது. அவருடைய அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதானபோது ஆறு தறியை விற்றுத் தனியார் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார். அம்மா பிழைக்கவில்லை. ஆனால் "எங்க அம்மைய ஒருத்தன்கிட்டயும் கையேந்தாம வச்சுப் பாத்தேன்" என்று அவர் சொல்லும்போது முதுகு நிமிரும். அரசாங்கம் எதையும் சும்மா கொடுப்பது அவருக்குப் பிடிக்காது. மருத்துவம் சும்மா கொடுப்பது அறவே பிடிக்காது.

அன்று சாயங்காலம் அவரோடு கொட்டகைக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்து கட்டியைத் தடவிக்கொண்டிருப்பதற்கு அது மேல் என்று தோன்றியது. பன்னிரண்டு தறியும் ஓடும்போது அங்கே பேச முடியாது, கத்தலாம். அந்த வேலையில் இருப்பவர்கள் எல்லாருமே கத்திக் கத்திப் பழகியவர்கள். பக்கத்தில் நிற்பவன் காதில் வாய் வைத்து முழு பலத்தோடு கத்தினால் அது ரகசியம் என்று அர்த்தம்.

முத்துமாரி என்று ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், இரண்டு தறி பார்க்கிறார். அறுந்த நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டே அத்தானோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கணவனுக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் நெஞ்சு அடைத்து, அரசுக் காப்பீட்டு அட்டையில் திருநெல்வேலியில் வைத்தியம் நடந்திருக்கிறது. அத்தானுக்கு அது பொறுக்கவில்லை.

"நூலுக்கு வரி, கரண்டுக்கு வரி, சேலைக்கு வரி. எல்லாம் நான் கட்டுதேன். ஒன் மாப்பிள்ளைக்கு நெஞ்சு வலிச்சா அதுக்கும் நான் கட்டணுமா?" என்று கத்தினார்.

"நீங்க மட்டுமா கட்டுதீய, மொதலாளி? நான் வாங்குத சோப்புல வரி இல்லையா?" என்று முத்துமாரி பதிலுக்குக் கத்தினார். "அந்த அட்டை இல்லன்னா கந்துவட்டிக்கு வாங்கியிருப்பேன். வட்டிக்காரன் வாசல்ல வந்து உக்காந்திருப்பான். ராத்திரியோட ராத்திரியா புள்ளையளக் கூட்டிட்டுத் திருப்பூருக்குப் போயிருப்பேன். இந்த ரெண்டு தறிய நீங்களா ஓட்டியிருப்பீய?"

"ஓசின்னு ஆயிட்டா ஒவ்வொருத்தனும் தும்மலுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போவான். நாடு தாங்காது."

"நெஞ்சக் கீறிப் பாக்கதுக்கு எவன் ஆசப்பட்டுப் போவான்? ஓசின்னு சொன்னா நீங்க போவியளா?"

நியாயமான கேள்வி. அத்தான் என்னைத் துணைக்கு அழைத்தார். "இவன் வந்த நாட்டுல எல்லாமே ஓசி. கேளு, எத்தனை மாசம் வரிசையில நிக்கணும்னு." நான் இரண்டு பக்கமும் தலையாட்டினேன். அங்கேயும் இதே சண்டைதான். பேருந்து நிறுத்தத்தில் ஒரு கிழவர் தன் தோழரிடம் சொன்னது நினைவிருக்கிறது: "நாற்பது வருடம் நான் வரி கட்டினேன். ஆஸ்பத்திரியில் நேற்று வந்தவனுக்கு எனக்கு முன்னால் நாற்காலி." பிறகு என்னைப் பார்த்துவிட்டு, "உங்களைச் சொல்லவில்லை" என்றார். உட்காருங்கள் என்று இடமும் கொடுத்தார்.

இதை நான் கத்திச் சொல்லத் தொடங்கும் முன் அத்தான் என்னைச் சுவரோரம் இழுத்துப் போனார். முகம் மாறியிருந்தது. காதில் வாயை வைத்தார். மறுநாள் திருநெல்வேலியில் பெரிய டாக்டரிடம் நேரம் வாங்கியிருப்பதாகக் கத்தினார். என் வீட்டுக் கடன், சேமிப்பு எல்லாவற்றையும் கேட்டுக் கத்தினார். நானும் கத்தினேன். கடைசியில் அவர் முழு மூச்சோடு கேட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. பன்னிரண்டு தறியும் ஒன்றாக நின்றன.

"கேன்சரா இருந்தா என்ன மாப்ளே செய்யது?"

வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெயரை இரண்டு நாளாக வீட்டில் ஒருவரும் உச்சரிக்கவில்லை, அக்கா 'நெறி' என்றாள், அத்தான் 'அது' என்றார், நான் 'கட்டி' என்றேன். இப்போது அது கொட்டகை நடுவில் எல்லாருக்கும் பொதுவாக நின்றது. நான் நூல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

முத்துமாரிதான் முதலில் வந்தார். கேட்காமலே மஃப்ளரை அவிழ்த்தார். காய்ந்த மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

"இதையா இந்த வெயில்ல மூடி வச்சிருக்கீய? காத்துப் படட்டும், அண்ணாச்சி." கொஞ்சம் யோசித்துவிட்டு, "முதல்ல நம்ம கெவர்மெண்டு ஆஸ்பத்திரியில காட்டுங்க. அங்கன பாத்துட்டு எங்க போகணும்னு சொல்லுவாங்க" என்றார்.

"அவன் எதுக்கு அங்க போறான்? நான் இருக்கேன்லா" என்றார் அத்தான், இப்போது சாதாரணக் குரலில்.

மறுநாள் திருநெல்வேலிக்குப் பேருந்தில் போனோம். வன்னிக்கோனேந்தல் தாண்டியதும் டயர் வெடித்தது. கரிசல் காட்டின் நடுவில் ஒரு வேப்பமர நிழலில் எல்லாரும் இறங்கி நின்றோம். நடத்துநர் ஜாக்கியைத் தேடினார், ஓட்டுநர் நடத்துநரைத் திட்டினார். ஒருவர் வெள்ளரிப்பிஞ்சை நறுக்கி மிளகாய்ப்பொடி தூவிக் கொடுத்தார். அருமையாக இருந்தது. நேரத்துக்குப் போக முடியாது, டாக்டரைப் பார்க்க முடியாது, இன்றைக்கு ஒன்றும் தெரியவராது என்ற நினைப்பில் எனக்கு வந்த நிம்மதியை எழுதவே வெட்கமாக இருக்கிறது. பதினோரு வாரம் காத்திருக்க முடியாது என்று கடல் தாண்டி வந்தவன், அந்த டயரை இன்னும் மெதுவாக மாற்ற மாட்டார்களா என்று ஏங்கினேன்.

மாற்றிவிட்டார்கள். தனியார் ஆஸ்பத்திரி முகப்பில் அத்தான் நேரே போய், "லண்டன்லருந்து வந்திருக்காரு" என்றார். நம் ஊர்க்காரர்கள் செய்கிற தவறு இது. சொந்தக்காரனைப் பற்றிய பெருமையை விலை சொல்கிறவனிடம் போய்ச் சொல்வது. உட்கார வைத்த அறை உடனே மாறியது. குளிர்பதனம், சோபா, பழச்சாறு. சோதனைப் பட்டியலும் நீண்டது. கழுத்துக்குக் கேட்டால் முழு உடம்புக்கும் எழுதியிருந்தார்கள். கோயில் கடைக்காரரைப் போல இவர்களும் தனிக் கழுத்து அடிப்பதில்லை.

டாக்டர் நல்ல மனிதர். பட்டியலில் பாதியை அடித்தார். கட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த மண்ணைப் பஞ்சால் துடைத்தபடி, "சங்கரன்கோவிலா?" என்றார். ஊசியை உள்ளே விட்டு உறிஞ்சினார். "மூணு நாள்ல தெரியும்" என்றார். 'பெரும்பாலும்' என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததும் பயமாகத்தான் இருந்தது.

அந்த மூன்று நாளில் நான் சிவகிரிக்கு ஒரு சாவுக்கும், ராயகிரிக்கு ஒரு காதுகுத்துக்கும் போய்வந்தேன். அக்கா அழைத்துப் போனாள். என்னை வீட்டில் தனியாக விடப் பயம். சாவு வீட்டில் எல்லாரும் என் கழுத்தைப் பார்த்தார்கள், காதுகுத்து வீட்டிலும் பார்த்தார்கள். கொட்டகையில் பேசியது எனக்கு முன்பே பஸ் ஏறிப் போயிருந்தது. ராயகிரியில் ஒருவர் என் தோளில் கை வைத்து, "எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான்" என்று ஆரம்பித்தார். சித்தப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அவர் பேச்சை மழையின் பக்கம் திருப்பிவிட்டார்.

வசந்தாவுக்கு முடிவு சொன்ன அன்று அந்த மருத்துவர் தன் நாற்காலியை எங்கள் பக்கமாக நகர்த்திப் போட்டார். பேச ஆரம்பிப்பதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஊசி குத்திய நான்காம் நாள் திருநெல்வேலியில் டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் நான் முகத்தைப் பார்க்கவில்லை, நாற்காலியின் கால்களைத்தான் பார்த்தேன்.

நாற்காலி நகரவில்லை.

"நீங்க நினைச்சது இல்ல. டிபி. காசநோய், கழுத்து நெறியில வந்திருக்கு. எக்ஸ்ரேல நுரையீரல் சுத்தமா இருக்கு, அதனால இது ஒங்ககிட்டருந்து அடுத்தவங்களுக்குப் பரவாது. ஆறு மாசம் மாத்திரை. ஒழுங்கா சாப்பிட்டா சரியாப் போகும்."

அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். அத்தான் எழுந்து, "எந்தக் கம்பெனி மாத்திரைன்னாலும் எழுதுங்க டாக்டர். ஒசத்தியா எழுதுங்க" என்றார்.

"நான் எழுத வேண்டியதே இல்ல. ஒங்க ஊர் கெவர்மெண்டு ஆஸ்பத்திரியிலே இருக்கு. அங்க குடுக்கதுதான் மருந்து. இலவசம்."

அத்தான் நின்றபடியே இருந்தார். "காசு குடுத்து வாங்குத மாதிரி வேற ஒண்ணும் இல்லையா?" டாக்டர் சிரித்தார். "அதுலயும் இதேதான் இருக்கும்."

வீடு வந்து சேருமுன் எனக்கு அலைபேசி வந்தது. செல்வராணி என்று ஒரு பெண் குரல். அரசு ஆஸ்பத்திரியில் காசநோய்ப் பிரிவில் வேலை. தனியார் டாக்டர்கள் இந்த நோயைக் கண்டால் அரசுக்குச் சொல்லியாக வேண்டும், என் பேர் வந்துவிட்டது, நாளை வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டார். அக்காவின் முகம் வெளுத்தது. போன நிமிடம் வரை தம்பி பிழைத்தானே என்று அழுதவள், "ஐயோ, தெருவுல வந்து பேரச் சொல்லிக் கேப்பாளே. டிபின்னா ஒரு வீட்டுல தண்ணி குடுக்க மாட்டாவ" என்றாள். சாகப் போகிறவன் என்றால் தோளில் கை போட்ட ஊர், பிழைக்கப் போகிறவன் என்றதும் தம்ளரைத் தள்ளி வைக்கும். எனக்கும் அந்தப் பயம் வந்தது. ஆட்டோக்காரர் வெளிப்பக்கம் திருப்பிக்கொண்ட முகம் கண்ணில் நின்றது.

நாங்களே வருகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

எட்டாம் நாள் காலை அரசு ஆஸ்பத்திரி. அத்தான் இஸ்திரி போட்ட வேட்டியில், கல்யாணத்துக்குப் போகிறவர்போல வந்தார். இதற்குமுன் அவர் அந்த வாசலைத் தாண்டியதில்லை. உள்ளே போகும் வழியில் ஒரு அறைக்கு வெளியே சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் பிரிவு என்று எழுதி, முறைக்குக் காத்திருப்பவர்களுக்கு பெஞ்சு போட்டிருந்தார்கள். அத்தான் அந்தப் பலகையை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். கதவு இடுக்கில் நான்கு கட்டில் தெரிந்தது. அவருடைய அம்மா காலத்தில் இது இருந்ததா என்று நான் கேட்கவில்லை. அவரும் யாரிடமும் கேட்கவில்லை. கொஞ்சம் பின்தங்கி நடந்து வந்தார்.

செல்வராணிக்கு நாற்பது வயதிருக்கும். முன்னால் பத்துப் பேர் வரிசை. எங்கள் முறை வந்தபோது ஆதார் கேட்டார். இல்லை, வேறு நாட்டுப் பாஸ்போர்ட் என்றேன்.

"பொறந்தது?"

"இந்த ஆஸ்பத்திரியில."

"அப்போ பழைய கிராக்கி" என்று எழுதிக்கொண்டார். "பாஸ்போர்ட் நம்பர் போதும். மருந்து நிக்காது."

அத்தானுக்குத் தாங்கவில்லை. "ஏம்மா, இவன் இந்த நாட்டுக்கு ஒத்த ரூவா வரி கட்டல. இவனுக்கு எதுக்கு ஓசியில குடுக்கீய?"

செல்வராணி நிமிர்ந்து பார்த்தார். "அண்ணாச்சி, இத அவருக்காகக் குடுக்கல. ஒங்களுக்குக் குடுக்கோம்."

"எனக்கா?"

"ஒங்க தறிக் கொட்டகை ஊருக்கே தெரியும். அங்கன எத்தனை பேரு? ஒருத்தனுக்கு நெஞ்சுல வந்து, மருந்து வாங்கக் காசில்லாம இருமிக்கிட்டே தறி ஓட்டினான்னு வைங்க. ஆறு மாசத்துல பாதித் தறி நிக்கும். அது ஒங்க கணக்குல வருமா, வராதா?"

அத்தான் தோற்றதாகச் சொல்ல மாட்டேன். "அதுக்கு ஒழுங்கா வேலை பாக்கணும். பாதி ஆபீஸ்ல ஆளே இருக்க மாட்டான்" என்றார். "அது வாஸ்தவந்தான்" என்று செல்வராணியும் ஒப்புக்கொண்டு, மாத்திரை அட்டைகளை எண்ணினார். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பார்த்துப் பயந்துவிட வேண்டாம் என்றார். இரண்டு மாதத்தில் உடம்பு தேறிவிடும், அப்போதுதான் ஆபத்து என்றார்.

"தேறினா எப்படி ஆபத்து?"

"சரியாப் போச்சுன்னு பாதியில விட்டுருவீய. விட்டா அது திரும்பி வரும். அப்புறம் இந்த மாத்திரைக்கு அடங்காது. நான் பாத்திருக்கேன்." பேனாவைப் படிவத்தின்மேல் வைத்தார். "நீங்க எங்க இருந்து சாப்பிடப் போறீய? இங்கயா, அங்கயா?"

"அங்கேயும் இலவசம்தான்" என்றேன்.

"நல்லது. அங்கன தினமும் நீங்க முழுங்குததை ஒரு ஆள் பாக்கணும். யாரு பாப்பாவ? பேரு சொல்லுங்க, எழுதணும்."

இலகுவான கேள்விதான். நான் யோசித்தேன். வசந்தா போனபிறகு அந்த வீட்டில் காலையில் எழுந்தேனா என்று பார்ப்பதற்கே ஆள் கிடையாது. தபால்காரர் வாரத்துக்கு மூன்று நாள் வருகிறார், கதவைத் தட்டுவதில்லை. இரண்டாம் மாதம் ஒரு மழைநாளில் இன்றைக்கு ஒரு நாள்தானே என்று நான் விடுவேன். அடுத்த நாளும் விடுவேன். என்னை எனக்குத் தெரியும். கட்டியைக் கண்ட நாள் முதல் எத்தனையோ விதமாகப் பயந்திருக்கிறேன். இப்படி என்னைப் பார்த்தே பயந்தது இல்லை.

பேனா காத்திருந்தது. பின்னால் வரிசையில் ஒருவர் செருமினார்.

"என் பேரை எழுதும்மா" என்றார் அத்தான்.

"நீங்க இங்கல்லா இருக்கீய?"

"அவனும் இங்கதான் இருப்பான். ஆறு மாசம்தானே." என்னைக் கேட்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

செல்வராணி எழுதினார். "இப்படிப் பாக்குதவங்களுக்கு கெவர்மெண்டு ஊக்கத்தொகை ஒண்ணு தரும், அண்ணாச்சி. பேங்க் புக்கு ஜெராக்ஸ் வேணும்."

"ஒங்க காசு எனக்கு வேண்டாம்" என்று அத்தான் கையை ஆட்டினார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மேசைமேல் இருந்த தம்ளரில் தண்ணீர் பிடித்து, முதல் நாள் மாத்திரைகளை என் உள்ளங்கையில் கொட்டினார். ஒவ்வொன்றாக விழுங்கினேன். கடைசி மாத்திரை தொண்டையில் நின்று, மெதுவாக இறங்கியது.

"வாயைத் தொற" என்றார். திறந்தேன். குனிந்து உள்ளே பார்த்தார்.

"நாக்கத் தூக்கு, மாப்ளே."

தூக்கினேன்.